இரண்டு ரெசினுக்கும் ஒரே சோப்புத் தண்ணீரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ரெசின் (இறுகிக் கெட்டியாகிற செயற்கைப் பிசின்) மாடல்கள் செய்வது பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம், அதனால் இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவைதான் அந்த வரி கண்ணில் பட்டது. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி, தண்ணீரை சிங்க்கில் கொட்டிவிட்டு, காய்ந்ததும் பெயின்ட் அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கழுவுவதற்கு அந்த ஒரு வரி, பெயின்டுக்கு முக்கால் பக்கம்.

நான் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்துவிட்டு பெரம்பூரில் உட்கார்ந்திருப்பவன். பெயின்ட் அடிக்கிற நேரத்தைவிடத் துடைப்பது, தேய்ப்பது, பட்டி பார்ப்பது, திரும்பவும் தேய்ப்பது என்று போகிற நேரம்தான் அங்கே அதிகம். ஓய்வுக்குப் பிறகு கையளவு மாடல்கள் செய்ய ஆரம்பித்தபோது இதுவாவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பெட்டி சின்னதானதே தவிர வேலை சின்னதாகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. முதல் படத்தில் இருப்பது இளமஞ்சள் நிறத்தில், அடியில் கட்டை மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிற பாகம். அது அச்சில் வார்த்தது. இரண்டாவது படத்தில் இருப்பது சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஈர்க்குச்சி நட்டது போலத் தாங்குகால்கள். அது முப்பரிமாண (3டி) பிரின்டரில் எடுத்தது. இரண்டையும் ரெசின் என்றே சொல்கிறோம், அதில் தப்பில்லை. ஆனால் முதல் படத்துக்கான வைத்தியத்தை இரண்டாம் படத்துக்கும் எழுதிவிட்டீர்கள். என் புகார் அதுதான்.

வார்ப்பு ரெசின் என்பது பெரும்பாலும் பாலியூரித்தேன். இரண்டு பாட்டில் திரவத்தை அளவாகக் கலந்து சிலிக்கான் ரப்பர் அச்சில் ஊற்றினால் சில நிமிஷத்தில் சூடேறி இறுகிவிடும். பெட்டியைப் பிரித்து நாம் கையில் எடுக்கும்போது அது செத்த பாம்பு, தொட்டால் ஒன்றும் செய்யாது. பிரின்டர் ரெசின் வேறு ஜாதி. 405 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளி பட்டால் இறுகுகிற திரவம் அது. பிரின்டரிலிருந்து வெளியே வரும்போது மேலெல்லாம் இறுகாத பிசின் வழிந்துகொண்டுதான் வரும். பாம்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் வார்ப்பு ரெசினைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது அதில்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீலகிரி மலை ரயில் என்ஜின் ஒன்று வார்ப்பு கிட்டாக, அதாவது நாமே சேர்த்து ஒட்டுகிற பாகங்களாக, கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை என்ஜின். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளங்களுக்கு மத்தியிலுள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுமே, அதுதான். சிலிண்டர் நாலு, இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. இதையெல்லாம் பெரிய கம்பெனிகள் பிளாஸ்டிக் கிட்டாகப் போடமாட்டார்கள், இரும்பு அச்சு வெட்டுகிற செலவுக்கு ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். சிலிக்கான் அச்சு சில டஜன் வார்ப்புக்குள் கிழிந்துவிடும், ஆனால் வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம். ஜப்பானில் 1980களில் ‘கராஜ் கிட்’ என்று இந்த வகை பரவியதற்கும் அதுதான் காரணம். எப்படியோ, கிட் வந்தது, எனக்கு அவசரம். குழாயடியில் ஒரு தடவை அலசினேன், துணியில் துடைத்தேன், பெயின்ட் அடித்துவிட்டேன். 31 வருஷ அனுபவசாலி!

இரண்டு நாள் கழித்து இரண்டாம் நிறத்துக்காகப் பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அடித்து முடித்து, டேப்பை உரித்தேன். ஆறிய பாலில் ஆடை எடுப்பது போல முதல் நிறம் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. கிழியக்கூட இல்லை. அடியில் ரெசின் பளபளவென்று, பெயின்டே படாதது போலச் சிரித்தது. விரலால் தடவினால் லேசாக வழுக்கியது. அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வர அச்சுக்குள் சிலிக்கான் ஸ்பிரேயோ மெழுகோ அடிப்பார்கள், அதன் மிச்சம் அது. அந்தப் பிசுக்கு இருக்கிற வரைக்கும் எந்த பெயின்டும் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டாது.

ஆகவே வார்ப்பு பாகத்துக்குச் சோப்புத் தண்ணீர் சரிதான், அந்த அளவில் கட்டுரையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எப்படிக் கழுவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம், பழைய பல் துலக்கும் பிரஷ். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக, மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். மொத்தமாக வாளியில் போட்டுக் குலுக்கினால் போதாது. சின்னப் பாகங்களை டீ வடிகட்டிக்குள் வைத்துக் கழுவுங்கள். எனக்கு ஒரு பிரேக் கைப்பிடி சிங்க் ஓட்டைக்குள் போய், மனைவி குழாய்க்காரரைக் கூப்பிட்டு, அவர் வளைகுழாயைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் கிடைத்தது பருப்பும் ஒரு பழைய தோட்டுத் திருகாணியும்தான்.

கழுவியது போதுமா என்று எப்படித் தெரியும்? எங்கள் பட்டறையில் செய்வதுதான். பாகத்தின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் படர்ந்து நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, திரும்பவும் சோப்பு. இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. எனக்கு அன்றைக்கு இது ஞாபகம் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மண்ணெண்ணெயில் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம், அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். தின்னரில் ஊறப்போடவும் கூடாது, சில ரெசின் மேல்தோல் கொழகொழத்துவிடும்.

இன்னொன்று, வரிசை. பலபேர் முதலில் பிசிறையெல்லாம் வெட்டி உப்புத்தாளில் தேய்த்து, கடைசியில் கழுவுகிறார்கள். தலைகீழ். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் அந்தப் பிசுக்கை உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் நாமே அழுத்தி வைக்கிறோம், அப்புறம் எந்தச் சோப்பும் அதை வெளியே எடுக்காது. கார் பெயின்ட் பட்டறையில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். முதலில் கழுவு, அப்புறம் வெட்டித் தேய், அப்புறம் தூள் போக இன்னொரு தடவை கழுவு.

வெட்டுவதில் பொறுமை வேண்டும். ரெசின் ஊற்றிய வழியில் நிற்கிற அந்தக் கட்டையை கட்டிங் பிளேயரால் பாகத்தை ஒட்டி நறுக்கினால் பாகத்தோடு சேர்ந்து சில்லு பெயரும், ரெசின் பிளாஸ்டிக் மாதிரி வளைந்து கொடுக்காது. மெல்லிய ரம்பத்தால் ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளில் இறக்குவதுதான் வழி. அச்சின் இரண்டு பாதிகள் சேருகிற இடத்தில் கோடு ஒன்று ஓடும், அதைக் கத்தியின் முதுகால் சுரண்டினாலே முக்கால்வாசி போய்விடும். என் என்ஜின் தொட்டியில் ஆணித்தலைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் கசகசாவைவிடச் சின்னது. கோடு அதன் நடுவே ஓடியது. பாதி ஆணித்தலை தேய்ந்து போனதும் நான் கையை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்த என்ஜினுக்கு இடது பக்கத்தில் ஆணி கம்மி.

வளைந்த பாகம் வந்தால் பயப்பட வேண்டாம், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டால் இளகிவிடும், கண்ணாடி மேல் அழுத்தி நேராக்கி அப்படியே பச்சைத் தண்ணீருக்குள் விட்டால் நின்றுவிடும். இதே காரணத்தால்தான் கழுவும்போது கொதிக்கிற தண்ணீர் கூடாது, நேராக இருக்கிறதும் கோணிக்கொள்ளும்.

அப்புறம் குமிழி ஓட்டைகள். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் வார்த்த பாகங்களில் ஓட்டை அதிகம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அந்த இரண்டு பாட்டிலில் ஒன்றுக்குத் தண்ணீர் ஆகாது, காற்றிலுள்ள ஈரம் பட்டாலே கார்பன் டை ஆக்சைடு கிளம்பி நுரைத்துவிடும். குண்டூசி முனை அளவு ஓட்டையில் பட்டியை நேராக அப்பினால் அது மேலே பாலம் கட்டுமே தவிர உள்ளே இறங்காது, தேய்க்கும்போது பெயர்ந்து வந்துவிடும். ஓட்டையைச் சின்னத் துளைப்பானால் கொஞ்சம் பெரிசாக்கிவிட்டு அப்புறம் அடையுங்கள். நான் எம்-சீல் வைப்பேன், இல்லாவிட்டால் சூப்பர் குளுவில் முகப்பவுடரைக் குழைத்து வைப்பேன். குளு வைத்தால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், மறுநாள் பார்த்தால் சுற்றியிருக்கிற ரெசினைவிடக் கெட்டியாகியிருக்கும், மேடு அப்படியே நிற்க பக்கத்தில் பள்ளம் விழும். பிளாஸ்டிக் மாடலுக்கு விற்கிற சிமென்ட் ரெசினை ஒட்டாது என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுகிற சரக்கு, ரெசின் அதற்கு உருகாது.

தூளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம். ரெசின் தூள் மாவு மாதிரி, காற்றில் மிதந்து நேராக நுரையீரலுக்குப் போகும். கட்டுரையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தேய்க்கலாம் என்று வேறு இருக்கிறது. நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளை வாட்டர் பேப்பர் என்று ஹார்டுவேர் கடையில் கேளுங்கள், 400, 600, 1000 என்று மூன்று தாள் போதும். ஒரு கிண்ணம் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தால் தூள் கிளம்பாது, குழம்பாகத் தங்கிவிடும். தாளும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது. என்-95 முகமூடி கொரோனா காலத்தது எல்லார் வீட்டிலும் கிடக்கும், ரம்பத்தைக் கையில் எடுக்கும்போதாவது போட்டுக்கொள்ளுங்கள். மேஜையை விளக்குமாற்றால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு, அடித்தால்தான் உண்மை தெரியும். சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு கோட். எத்தனை தேய்த்திருந்தாலும் அந்த ஒரே நிறத்தில் பார்க்கும்போது விட்டுப்போன கோடும் ஓட்டையும் பல்லை இளிக்கும். திரும்பவும் பட்டி, திரும்பவும் வாட்டர் பேப்பர், அப்புறம் இரண்டாம் கோட். அடைமழை நாளில் ஸ்பிரே பிரைமர் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளை பூத்துவிடும். வெயில் வரட்டும்.

இனி பிரின்டர் ரெசின். இதை எழுத வைத்தது என் மச்சான் மகன். மெக்கானிக்கல் படிக்கிறான், வீட்டில் ஒரு பிரின்டர் வாங்கி வைத்தான். நவராத்திரி கொலுவுக்கென்று ஒரு சாண் உயரத்தில் அய்யனார் குதிரை ஒன்று எடுத்துக்கொண்டு வந்தான். ரெசின் மிச்சம் பிடிக்க உள்ளே வெற்றிடம் விட்டுக் கூடாக எடுத்திருந்தான். “மாமா, சோப்பு போட்டுக் கழுவியாச்சு, நீங்க பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுங்க” என்றான். எனக்கும் அப்போது இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அடித்துக் கொடுத்தேன். கொலுவில் எல்லாரும் குதிரையைத்தான் கேட்டார்கள்.

பங்குனியில் குதிரையின் வயிற்றில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சித்திரையில் அந்த விரிசல் வழியாகத் தேன் மாதிரி ஏதோ கசிந்து ஷோகேஸ் கண்ணாடித் தட்டில் தேங்கியிருந்தது. தொட்டால் பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கிற வாடை. கூட்டுக்குள் மாட்டிக்கொண்ட ரெசின் ஆறு மாசமாக இறுகாமலே உட்கார்ந்திருக்கிறது. வெளியே எத்தனை கழுவி என்ன, உள்ளே கழுவ வழியே இல்லை. கூடு வைக்கிற பொம்மைக்கு வடிகிற ஓட்டை இரண்டு வைக்க வேண்டும், ஒன்று திரவம் போக, ஒன்று காற்று வர, ஒரு ஓட்டை மட்டும் வைத்தால் எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் துளைத்தது போல முக்கி முனகி வரும். கழுவும்போது உள்ளேயும் பீச்ச வேண்டும்.

குதிரை போனால் போகட்டும். பையன் கை போனதுதான் பெரிசு. கையுறை போடாமலே ஏழெட்டு மாசம் கழுவியிருக்கிறான். ஒருநாள் காலையில் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிவந்து கொப்புளம். தோல் டாக்டர் அலர்ஜி என்றார். அதிலுள்ள அக்ரிலேட் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் உடம்பு முறைத்துக்கொண்டது என்றால் பிறகு சமாதானமே ஆகாதாம், துளி பட்டாலும் திரும்ப வரும். இருபது வயசில் அவனுக்கு அந்தப் பொழுதுபோக்கு முடிந்தது. பிரின்டரை விற்றுவிட்டான்.

இந்த ரெசினைக் கழுவச் சாதாரணமாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். இரண்டு டப்பா வைத்துக்கொள்ள வேண்டும், முதல் டப்பாவில் பெரும்பிசின் போகும், இரண்டாவது சுத்தமான சரக்கு, ஒவ்வொன்றிலும் சில நிமிஷம். ஊறட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது, பாகம் பூத்துப்போய் வெடிக்கும். வெளியே எடுத்து நன்றாகக் காய வைத்து, அதன் பிறகுதான் வெயிலிலோ ஒளிப்பெட்டியிலோ இறுக்க வேண்டும். ஈரத்தோடு இறுக்கினால் மேலே வெள்ளைப் படலமும் பிசுபிசுப்பும் நிற்கும். தாங்குகால்களை முழுசாக இறுக்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டால் பள்ளம் விழாது. நைட்ரைல் கையுறை கட்டாயம். ஆல்கஹாலைச் சமையலறையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், அதன் ஆவி நம் ஊர்ச் சூட்டில் சாதாரணமாகவே தீப்பிடிக்கும், பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்தால் கேட்கவே வேண்டாம். இவ்வளவும் முடிந்த பிறகு தேய்ப்பது, பட்டி, பிரைமர் எல்லாம் வார்ப்பு ரெசினுக்குச் சொன்ன அதே கதைதான்.

தண்ணீரிலேயே கழுவலாம் என்று விற்கிற ரெசினும் இருக்கிறது, மச்சான் மகன் குதிரை எடுத்தது அதில்தான். கட்டுரை எழுதியவரும் அதை மனசில் வைத்துத்தான் சோப்புத் தண்ணீர் என்றாரோ என்னவோ. கழுவலாம் என்றுதான் போட்டிருக்கிறது, கழுவிய தண்ணீரைக் கொட்டலாம் என்று போடவில்லை. அந்தத் தண்ணீரில் இறுகாத ரெசின் கரைந்திருக்கிறது. மீன்களுக்கும் நீர்நிலைகளுக்கும் அது விஷம் என்று பாட்டிலிலேயே செத்த மீன் படம் அச்சடித்திருக்கும். பெரம்பூர் சிங்க் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுவின தண்ணீரையோ ஆல்கஹாலையோ வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில், குழந்தைகளும் நெருப்பும் அண்டாத மொட்டைமாடி மூலையில் வெயிலில் வையுங்கள். ரெசின் இறுகித் திட்டுத்திட்டாக அடியில் தங்கும். வடிகட்டி எடுத்தால் ஆல்கஹாலைத் திரும்ப முதல் டப்பாவுக்கு உபயோகிக்கலாம், கெட்டியானதை இன்னும் ஒருநாள் வெயிலில் காட்டிவிட்டுக் குப்பையில் போடலாம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். பள்ளிக்கூடம் லீவு விடப்போகிறது, கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கிற அப்பா அம்மாக்கள் இருப்பார்கள். வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: வார்ப்பு ரெசினுக்குச் சோப்புத் தண்ணீர், பிரின்டர் ரெசினுக்குக் கையுறையும் ஆல்கஹாலும், அதைக் கழுவின திரவம் எதையும் சிங்க்கில் கொட்டாதே, ஃபேனுக்கடியில் தேய்க்காதே. முடிந்தால் அந்த இரண்டாவது படத்தையும் மாற்றிவிடுங்கள். சாம்பல் நிறப் பாகம் இன்னும் ஈரமாக மின்னுகிறது, அதைப் பிடித்திருப்பது ஒரு குழந்தையின் வெறுங்கை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயின்டர்,
பெரம்பூர், சென்னை.